கீழ் ஸ்தாயியும் பக்கத்து வீடும்

சங்கீதம் கேட்கும் கருவிகளைப் பற்றிய பேச்சு நம்மிடையே இரண்டு விதமாகத்தான் நடக்கிறது. ஒன்று விலைப்பட்டியல் பேச்சு. மற்றது, கருவி எதுவானால் என்ன, கேட்கிற மனசுதான் முக்கியம் என்கிற துறவிப் பேச்சு. இரண்டிலும் ஒரு சௌகரியம் இருக்கிறது: காதைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. இலக்கியத்திலும் இதே நிலைதான் என்பது இந்தப் பக்கங்களை வாசிப்பவர்களுக்குத் தெரியும். அச்சையும் அட்டையையும் பற்றிப் பேசுகிறவர்கள் ஒரு பக்கம், ஆத்மாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் மறுபக்கம். நடுவில் வரி என்று ஒன்று இருப்பதை இரு தரப்பும் கவனிப்பதில்லை. பன்னிரண்டுக்குப் பத்தடி அறை ஒன்றுக்கு ஒரு சப்வூஃபரைத் தேர்ந்து, இடம் பார்த்து வைத்து, சரிசெய்ததைப் பற்றி இங்கே எழுத எனக்கிருக்கும் நியாயம் இவ்வளவுதான். கேட்பது என்ற காரியத்தை ஸ்தூலமான ஒரு பொருளை முன்வைத்து யோசிக்க அது சந்தர்ப்பம் கொடுத்தது.

ஊரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஆலங்குளம் என்றால் தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் அல்ல. இது ராஜபாளையம், சிவகாசி, வெம்பக்கோட்டை மூன்றுக்கும் நடுவே, 1970இல் அரசு சிமெண்ட் ஆலை வந்ததால் பெயர் தெரிந்த ஆலங்குளம். சுற்றிலும் கரிசல், சுண்ணாம்புக்கல், பட்டாசு. கீழ் ஸ்தாயியில் உறுமும் ஒரு பெட்டியை இந்த ஊரில் ஒரு வீட்டுக்குள் கொண்டு வருவதும் மதுரையிலோ சென்னையிலோ கொண்டு வருவதும் ஒன்றல்ல. ஏன் அல்ல என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

சாதாரண ஸ்பீக்கர்கள், அறைக்குள் வைக்கும் அளவில் இருப்பவை, 60, 70 ஹெர்ட்ஸ் வரை நாணயமாக இறங்கும். அதற்குக் கீழே மூச்சு வாங்கும். அந்த இடத்திலிருந்து கீழே 25, 30 வரையிலான பகுதியை மட்டும் ஏற்றுக்கொள்கிற தனிப் பெட்டிதான் சப்வூஃபர். ஒரு ஸ்தாயிக்குச் சற்று மேல், அவ்வளவுதான் அதன் ராஜ்ஜியம். இந்த ஒரு ஸ்தாயியில் நம் சங்கீதத்தில் என்ன இருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். ஒன்றுமில்லை என்றால் பெட்டி வேண்டியதில்லை.

ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண்குரலுக்கு ஆதார ஷட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். தம்புராவின் மந்தரத் தந்தி அதில் பாதி, 65. கணக்குப்படி தம்புராவின் அஸ்திவாரம் நம் பெட்டியின் எல்லைக்குள் வருகிறது. ஆனால் வாஸ்தவம் வேறு. சி. வி. ராமன் 1921இல் வீணை, தம்புரா பற்றி எழுதிய கட்டுரையில் காட்டியபடி, வளைந்த மேடைமேல் தந்தி உரசி உரசிப் பிரிவதால் மேல் ஸ்வரங்கள் ஏராளமாகக் கிளம்புகின்றன; ஜீவா என்று நாம் சொல்வது இதைத்தான். 65 என்ற அடிஸ்வரத்தில் இருக்கும் சக்தி அற்பம். ஆயினும் நாம் கேட்பது 65ஐத்தான். மேல் ஸ்வரங்கள் 130, 195, 260 என்று அணிவகுத்து வரும்போது அவற்றின் தாய் எதுவோ அதைக் காது தானே வருவித்துக்கொள்கிறது. இல்லாத அடிஸ்வரத்தைக் காது கேட்கும் என்பதை 1840களிலேயே ஜெர்மனியில் ஸீபெக் கவனித்திருக்கிறார். உள்ளங்கையளவு ஸ்பீக்கர் வைத்த டிரான்ஸிஸ்டரில் நம் பெரியவர்கள் தம்புராவைக் கேட்டது இப்படித்தான். பெட்டி கொடுக்காததைக் காது கொடுத்தது.

இந்த இடத்தில் ஒரு நண்பர் என்னை மடக்கினார். கவிஞர், கருவிகளின்மேல் அவநம்பிக்கை உள்ளவர். "காதே வருவித்துக்கொள்கிறது என்றால் எதற்குப் பெட்டி? இல்லாததைக் கற்பித்துக்கொள்வதுதானே ரசனை? நீங்கள் கற்பனைக்கு இருந்த இடத்தையும் சாமான் போட்டு அடைக்கப் பார்க்கிறீர்கள்." மறுக்க முடியாத வாதம் என்றே முதலில் தோன்றும். அடிக்குறிப்பு மிகுந்த பதிப்புக்கு எதிராகவும், கவிதைக்குப் பொழிப்புரை எழுதுவதற்கு எதிராகவும் இதே வாதத்தை நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் சற்று நிதானித்துப் பார்த்தால், காது வருவித்துக்கொள்வது ஸ்வரத்தின் பெயரை மட்டும்தான். அதன் கனத்தை அல்ல. 65 என்று ஒரு ஸ்வரம் இருக்கிறது என்பதை மேல் ஸ்வரங்கள் சொல்லிவிடும். அந்த ஸ்வரம் காற்றைத் தள்ளுகிற விதத்தை, அது எழுந்து அடங்க எடுத்துக்கொள்கிற அவகாசத்தை, அவை சொல்லாது. ஒரு நாவலின் கதைச் சுருக்கத்தை வைத்துக்கொண்டு பாத்திரங்களின் பெயர்களை நாம் தெரிந்துகொள்ளலாம். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

தம்புராவை விட்டு மிருதங்கத்துக்கு வந்தால் இது இன்னும் தெளிவாகும். வலந்தலையில் பூசும் கரணை அந்தத் தோலின் தாறுமாறான அதிர்வுகளை ஒரு ஒழுங்குக்குள் கொண்டு வருகிறது என்பதை ராமன் 1920இல் தொடங்கி 1934 வரை ஆராய்ந்து சொல்லியிருக்கிறார். தொப்பியின் சமாசாரம் வேறு. கச்சேரிக்கு முன் ரவையைப் பிசைந்து அப்பி, வலந்தலைக்கு ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழே கொண்டுபோய் நிறுத்துகிற பக்கம் அது. அதன் அடிஸ்வரம் 100 ஹெர்ட்ஸைச் சுற்றியும் அதற்குக் கீழும் நடமாடுகிறது. கும்கி என்கிற வாசிப்பில் இடது கையின் அடிப்பகுதி தோலை அழுத்த, நாதம் கீழேயிருந்து வழுக்கி மேலே ஏறும். தொப்பியைப் பேச வைத்தவர் என்று பெயர் வாங்கிய பழனி சுப்பிரமணிய பிள்ளையின் (1908–1962) வாசிப்பைப் பற்றிக் கேட்டவர்கள் சொல்வதெல்லாம் இந்த இறக்கத்தையும் ஏற்றத்தையும் பற்றித்தான். சின்ன ஸ்பீக்கரில் கும்கி ஒரு நெளிவாகக் கேட்கும். எங்கிருந்து நெளிகிறது என்பது கேட்காது. புறப்பட்ட இடம் தெரியாத ஏற்றம் ஏற்றமாகாது.

உறுமியையும் சேர்த்துக்கொள்ளலாம். எங்கள் பக்கம் தேவராட்டத்துக்கும் சாமியாடுவதற்கும் அடிக்கிற உறுமியில், வளைந்த குச்சி தோலை அடிப்பதில்லை, தேய்க்கிறது. அந்தத் தேய்ப்பில் வருகிற முனகல்தான் ஆளை எழுப்புகிறது. சினிமாப் பாட்டைப் பற்றி இந்தப் பக்கங்களில் பேசினால் சிலருக்குச் சங்கடமாக இருக்கும். இருந்தாலும் சொல்ல வேண்டும். பேஸ் கிதாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ். இளையராஜாவின் 1980களின் பாட்டுகளில் அந்தக் கிதார் தாளத்துக்குத் துணையாக மட்டும் நிற்பதில்லை. மேலே ஒரு மெட்டு போகும்போது கீழே அது தன் பாட்டுக்கு இன்னொரு மெட்டை எழுதிக்கொண்டு போகிறது. கல்யாண வீட்டுப் பந்தலிலும் டீக்கடையிலும் நம் மாவட்டம் முழுக்க இந்தப் பாட்டுகளைக் கேட்டது கூம்பு ஒலிபெருக்கியில். அந்தக் கூம்பு 300, 400 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் தராது. ஒரு தலைமுறையே அந்தப் பாட்டுகளின் மேல்பாதியை மனப்பாடம் செய்திருக்கிறது. கீழ்ப்பாதி அதற்கு வந்துசேரவில்லை.

ஆக, அந்த ஒரு ஸ்தாயியில் விஷயம் இருக்கிறது. ஆனால் கடைகளில் சப்வூஃபர் விற்கப்படுவது இந்த விஷயத்துக்காக அல்ல. அதன் வம்சாவளி வேறு. 1974இல் ஹாலிவுட்டில் 'எர்த்க்வேக்' என்ற படத்துக்காக ஸென்ஸரௌண்ட் என்று ஒரு ஏற்பாடு செய்தார்கள். பூகம்பக் காட்சியில் பெரிய பெரிய பெட்டிகள் உறும, நாற்காலி அதிர்ந்தது. காதால் கேட்பதற்கு மாறாக உடம்பால் அனுபவிக்கிற சத்தம் என்பது ஒரு சரக்காக அன்று ஆயிற்று. பிறகு வந்த டிஜிட்டல் சினிமாக்களில் இதற்கென்றே தனித் தடம் ஒதுக்கி, மற்றத் தடங்களைவிட 10 டெசிபல் கூடுதலாக ஒலிக்க வழி செய்தார்கள். 5.1 என்பதில் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் 1 அதுதான். வெடி, இடி, கட்டடம் சரிவது. நம்மூர் ஹால்களிலும் 1990களின் நடுவிலிருந்து இதுவே நல்ல ஒலி என்பதற்கு இலக்கணமாகிவிட்டது. அதிர்ந்தால் நல்ல ஹால். கடையில் பெட்டியைப் போட்டுக் காட்டுகிற பையனும் அதைத்தான் நிரூபிக்கிறான். வாங்க வருபவரும் கண்ணாடி டம்ளரைப் பார்த்து, அது ஆடினால் திருப்தியாகிறார்.

என் தேர்வு இதற்கு எதிர்த்திசையில் போயிற்று. பெட்டிகளில் இரண்டு ஜாதி. துளை போட்ட பெட்டி. முழுக்க மூடிய பெட்டி. துளை போட்டது, துளை எந்த ஸ்வரத்துக்கு அமைக்கப்பட்டதோ அதுவரை கம்பீரமாக முழங்கும். அதற்குக் கீழே ஸ்தாயிக்கு 24 டெசிபல் வீதம் சரிந்துவிடும். முழங்கியது அடங்கவும் நேரம் பிடிக்கும். மூடியது அவ்வளவு சத்தம் போடாது. ஆனால் சரிவு பாதிதான், ஸ்தாயிக்கு 12 டெசிபல். அடித்த கை எடுத்ததும் அடங்கிவிடும். சின்ன அறைக்கு இது இன்னொரு விதத்திலும் பொருந்துகிறது. அறையின் நீளத்தைவிட அலையின் பாதி பெரிதாகிற இடத்திலிருந்து கீழே அறையே ஒரு மூடிய பெட்டியாகி, இறங்க இறங்க ஒலியைக் கூட்டிக் கொடுக்கிறது. பெட்டி சரிகிற இடத்தில் அறை தூக்கிப் பிடிக்கும். எங்கள் வீடுகளில் கதவும் ஜன்னலும் திறந்தே கிடப்பதால் புத்தகத்தில் சொன்ன அளவு கிடைக்காது, ஆனாலும் கிடைக்கிறது. 10 அங்குல ஸ்பீக்கர் வைத்த மூடிய பெட்டி போதும் என்று முடிவு செய்தேன். 12 அங்குலத்தைச் சிபாரிசு செய்தவர்கள் என் அறையைப் பார்த்ததில்லை.

அறைதான் இதில் பெரிய வாத்தியம். யாரும் அதை வாங்கும் சாமான்களில் சேர்ப்பதில்லை. நம் ஊர் வெயிலில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகிறது. அப்படியானால் 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய ஒன்பது மீட்டர், முப்பதடிக்குச் சற்றுக் குறைவு. பன்னிரண்டடி அறையில் முப்பதடி அலை எப்படி உலவும்? உலவாது, சுவருக்குச் சுவர் மோதித் தன்மேலேயே மடிந்து நிற்கும். எந்த ஸ்வரத்தில் நிற்கும் என்பது கணக்கு. வேகத்தை நீளத்தின் இரட்டிப்பால் வகுத்தால் போதும். பன்னிரண்டடிக்கு 48 ஹெர்ட்ஸ்; பத்தடி அகலத்துக்கு 57. கட்டினவர் உயரத்தையும் பத்தடியே வைத்துவிட்டதால் அங்கேயும் 57. வாசிப்பவர் எந்த ராகம் வாசித்தாலும் இந்த அறை தன் பங்குக்கு 48ஐயும் 57ஐயும் பிடித்துக்கொண்டு கத்தும். பேஸ் கிதார் படியிறங்கி வரும்போது ஒரு படியில் மட்டும் யானை நடந்த மாதிரி கேட்டால் குற்றம் வாசித்தவருடையதல்ல.

சுவரில் முட்டை அட்டை, தெர்மக்கோல் ஒட்டினால் சரியாகிவிடும் என்பார்கள். இந்த ஸ்தாயியில் அதெல்லாம் அலங்காரம். 48 ஹெர்ட்ஸ் அலையை உறிஞ்ச வேண்டுமானால் அலைநீளத்தில் கால்வாசி, ஆறடி கனத்துக்குப் பஞ்சு வேண்டும். பன்னிரண்டடி அறையில் பாதி பஞ்சுக்கே போய்விடும். ஆகவே அறையை மாற்ற முடியாது, வாடகை வீட்டில் யோசிக்கவும் முடியாது. பெட்டி இருக்கும் இடத்தையும் ஆள் உட்காரும் இடத்தையும் மாற்றலாம். அவ்வளவுதான் நம் கையில் இருப்பது.

பெட்டி வந்து இறங்கிய நாளைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஒரு இரண்டாம் சனிக்கிழமை, மதியம் மூன்று மணி இருக்கும். கடையிலிருந்து வந்த பையன் பெட்டியை அறை மூலையில் தள்ளி வைத்தான். மூலையில் வைத்தால் அறையின் எல்லா ஸ்வரங்களும் ஒன்றாக எழும்பும். அதனால்தான் கடைக்காரர்களுக்கு மூலை பிடிக்கிறது. தன் செல்போனில் இருந்த ஒரு படத்தின் வெடிக் காட்சியைப் போட்டு, திருகை முழுக்கத் திருப்பினான். ஒரே ஒரு வெடி. அலமாரிக் கண்ணாடி நடுங்கி நின்றது. பையன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

வாசலில் பக்கத்து வீட்டு அக்கா நின்றார். கையில் மாவு. அறைப் பக்கம் பார்க்கவில்லை. கிழக்கே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "எந்தப் பக்கம் தம்பி?" என்றார்.

"இல்லக்கா, இங்கதான். ஸ்பீக்கர் சத்தம்."

"ஸ்பீக்கரா" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கிழக்கே பார்த்தார். அவர் மகள் வெம்பக்கோட்டை ரோட்டில் ஒரு பட்டாசு ஆலையில் வேலை செய்கிறாள். ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. அது விதி, சரியான விதியும்கூட. ஆகவே போன் செய்து கேட்டுக்கொள்ள வழியில்லை. புகை தெரியவில்லை என்றாலும் மனசு கேட்காது. ஐந்தரைக்கு வேன் வந்து மகள் இறங்கும்வரை அக்கா வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார். இடையில் ஒரு தரம், "டிவில பாத்தா சத்தமாத்தான் இருக்கும்" என்று எனக்கு ஆறுதல் சொல்வதுபோலச் சொன்னார்.

இந்தப் பகுதியில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களுக்குச் சத்தம் புதிதல்ல. குவாரியில் வெடி வைப்பார்கள். அதற்கு முன் எச்சரிக்கை உண்டு, சத்தம் வரும் என்று தெரிந்து வரும். திருவிழா வெடிக்கு நேரம் உண்டு. வெடித்துப் பார்க்கிற சோதனைச் சரவெடிக்கு ஒரு தொடர்ச்சி உண்டு. இவற்றுக்கெல்லாம் மேல் ஸ்தாயி இருக்கிறது. 'பட்' என்று இருக்கும். நாங்கள் பயப்படுவது தூரத்திலிருந்து தனியாக வருகிற, மேல் ஸ்தாயி இல்லாத 'தொம்' என்ற ஒன்றுக்கு. தூரம் போகப் போகக் காற்று மேல் ஸ்வரங்களைத் தின்றுவிடும், கீழ் ஸ்வரம் மட்டும் மிஞ்சி வரும். ஐந்து மைல், பத்து மைல் தள்ளி ஒரு ஷெட் போனால் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்வது அதுதான். 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் ஏறக்குறைய நாற்பது பேர் செத்தார்கள். 2021 பிப்ரவரி 12இல் அச்சங்குளத்தில் இருபது பேருக்கு மேல். செய்தியில் வராத சின்ன எண்ணிக்கைகள் வருஷந்தோறும். ஒவ்வொன்றின்போதும் மாடிக்கு ஓடி எந்தப் பக்கம் புகை என்று பார்த்திருக்கிறோம். எந்தப் பக்கம் என்று தெரிந்தால் யார் வீடு என்று தெரிந்துவிடும். கீழ் ஸ்தாயி ஒலிக்குத் திசை தெரியாது என்று ஒலியியல் புத்தகங்கள் ஒரு சௌகரியமாகச் சொல்கின்றன. பெட்டியை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்பதற்காக. அக்காவின் கேள்வி அந்தத் திசையைப் பற்றியது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. ஆனால் அது ஏ-எடை போட்ட டெசிபல். தாழ்ந்த ஒலிகளில் காதுக்குக் கூர்மை குறைவு என்பதால் மீட்டரும் அவற்றைக் கழித்துக் கணக்கிடும். 50 ஹெர்ட்ஸில் கழிவு சுமார் 30 டெசிபல். என் அறையில் 50 ஹெர்ட்ஸில் 85 டெசிபல் வாசித்தால் மீட்டர் 55 என்று எழுதும். நான் சட்டத்தின் விளிம்புக்குள் இருப்பேன். அக்கா வாசலில் இருப்பார். இங்கே தயாராகும் பட்டாசுக்கும் 1999இலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபல் என்று அளவு இருக்கிறது. அதிலும் ஏ-எடைதான் பிரதானம். மீட்டரின் காது இந்த விஷயத்தில் பாதிச் செவிடு. அதை வைத்துப் பக்கத்து வீட்டுக்காரரிடம் நியாயம் பேச முடியாது.

அடுத்த நாள் பெட்டியை மூலையிலிருந்து எடுத்தேன். இடம் கண்டுபிடிக்க வேடிக்கையான ஒரு வழி இருக்கிறது. நாம் உட்காரும் இடத்தில் பெட்டியை வைத்து, பேஸ் கிதார் படியிறங்கும் ஒரு துண்டைத் திரும்பத் திரும்பப் போட்டுவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போக வேண்டும். எந்த இடத்தில் எல்லாப் படிகளும் சமமாகக் கேட்கின்றனவோ அங்கே பெட்டியை வைத்து, பழைய இடத்தில் போய் உட்கார்ந்தால் அதே சமம் கேட்கும். ஒலிப்பவரும் கேட்பவரும் இடம் மாறினால் நடுவே உள்ள பாதை மாறுவதில்லை என்கிற விதி இது. ராலே தன் ஒலியியல் நூலில் (1877) நிறுவியது. தவழ்ந்ததில் முழங்கால் சொன்னதும் காகிதத்தில் கணக்கு சொன்னதும் ஒன்றாக இருந்தன. பன்னிரண்டடிச் சுவரின் நட்டநடு. அங்கே வைத்தால் 48ஆம் ஸ்வரம் எழும்புவதில்லை, அந்த அலைக்கு நடுவில் வலு கிடையாது. அகலத்தின் 57 எழும்பும். ஆனால் நான் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுக்கோட்டில் உட்காருவதால் அதன் வலுவில்லாத இடத்தில் இருப்பேன், எனக்குக் கேட்காது. உயரத்தின் 57 மட்டும் பாக்கி. அதோடு குடித்தனம் நடத்த வேண்டியதுதான்.

நீளச் சுவர்கள் இரண்டு. ஒன்று அக்கா வீட்டோடு ஒட்டியது, மற்றது சந்தைப் பார்த்தது. சந்துச் சுவரில் வைத்தேன். கனமான கடப்பைக் கல் ஒன்றைப் போட்டு அதன் கீழே ரப்பர் கொடுத்தேன். தரை வழியாகப் போகிற அதிர்வு கொஞ்சம் குறையும். சுவர் வழியாகப் போவதை யாரும் தடுக்க முடியாது. கிராஸ்ஓவரை 80இல் நிறுத்தினேன். அதற்கு மேல் விட்டால் பெட்டி இருக்கும் மூலைமுடுக்கு காதுக்குத் தெரிந்துவிடும். ஃபேஸ் குமிழை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, 80 ஹெர்ட்ஸில் எந்தப் பக்கம் ஒலி நிறைந்து வருகிறதோ அந்தப் பக்கம் விட்டேன். எதிர்ப்பக்கத்தில் ஸ்பீக்கர் தள்ளும்போது பெட்டி இழுக்கும். இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும்.

நடுவில் மின்சார வாரியமும் வந்து சேர்ந்துகொண்டது. கம்பியில் வருகிற 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் சின்ன ஸ்பீக்கரில் கேட்காது. சப்வூஃபர் அதைப் பிரியமாக வாசிக்கும். ஒரு கட்டை சுருதிக்கு அது கீழ்ப் பஞ்சமம், சற்றே ஏறியது. பாடகருக்குப் பின்னால் இன்னொருவர் சுருதி பிசகாகத் தம்புரா போடுவதுபோல இருந்தது. இரண்டு கருவிகளையும் ஒரே பிளக்கில், ஒரே எர்த்தில் இணைத்ததும் போயிற்று.

கடைசியாக ஒலி அளவு. இதில்தான் எல்லாம் இருக்கிறது. ஃப்ளெட்சரும் மன்ஸனும் 1933இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, கீழ் ஸ்தாயியில் காதுக்குக் கேட்கத் தொடங்குகிற அளவே மிக உயரம். தொடங்கிவிட்டால் கொஞ்சம் கூட்டினாலும் நிறையக் கூடினதாகத் தெரியும். ஆகவே இந்தக் குமிழில் ஒரு இழை அதிகம் என்பது மிக அதிகம். பெட்டி இருப்பது தெரிகிற அளவு ஒன்று உண்டு. அதற்குச் சற்றுக் கீழே, பெட்டி இருப்பது தெரியாமல், நிறுத்தினால் மட்டும் ஏதோ போய்விட்டது என்று தெரிகிற அளவு ஒன்று உண்டு. அந்த இரண்டாவதுதான் சரியான அளவு. அதைக் கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆயிற்று. ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் குறைத்தேன்.

எலியட் செவிக் கற்பனை என்று ஒன்றைச் சொல்லும்போது, லயம் வேலை செய்வது பிரக்ஞைக்குக் கீழே என்கிறார். 1959இல் 'எழுத்து' தொடங்கியதிலிருந்து புதுக்கவிதையின்மீது வைக்கப்படும் குற்றச்சாட்டு, அதில் சந்தம் கேட்கவில்லை என்பது. கவியரங்க மேடைகளில் கேட்கிறது, டம்ளர் ஆடுகிறது. நல்ல புதுக்கவிதையில் சந்தம் கேட்கக் கூடாது. ஒரு சீரை எடுத்துவிட்டுப் படித்தால் மட்டும் வரி நொண்ட வேண்டும். சிலர் வெறும் உரைநடையை மடக்கிப் போட்டுவிட்டு, லயம் கீழே இருக்கிறது, உங்களுக்குத்தான் கேட்கவில்லை என்கிறார்கள். அதையும் இந்தச் சோதனையால் பார்த்துவிடலாம். எடுத்துப் பார்த்தும் ஒன்றும் போகவில்லை என்றால் அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

பழைய நாடாக்களைக் கேட்கும்போது பெட்டியை நிறுத்திவிடுகிறேன். 1950களின் கச்சேரிப் பதிவுகளில் பலவற்றில் அந்த ஸ்தாயியில் இருப்பது மோட்டாரின் உறுமலும் மைக்கை யாரோ இடறியதும்தான். பழனியின் தொப்பி அதில் விழவில்லை. விழாததைப் பெட்டி கொடுக்காது. அங்கே நண்பரின் கட்சிதான் ஜெயிக்கிறது, காதுதான் வருவித்துக்கொள்ள வேண்டும். நல்ல பதிவு கிடைத்தால் போடுகிறேன். அதுவும் பகலில் இல்லை. கீழ்ப் பத்து ஹெர்ட்ஸில் எனக்குக் கொஞ்சம் நஷ்டம் உண்டு. அளவைக் குறைத்ததில் சில பாட்டுகளின் அடித்தளம் மெலிந்துவிட்டது, மறுக்கவில்லை. ஐந்தரைக்கு வேன் வருகிறது. பத்து மணிக்கு ஊர் அடங்குகிறது. நடுவே நாலரை மணி நேரம். ஒரு கச்சேரிக்கு, தனி ஆவர்த்தனத்தோடு, அது தாராளம்.